சாமான் அறையில் ஒரு இரைச்சல்

பிப்ரவரி 12, வியாழன்

டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. நான் கேட்டுக்குப் போவதற்குள் மாமா பார்சலை வாங்கி, கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, இரும்புக் குண்டு மாதிரி?"

"பாட்டு கேக்கறதுக்கு ஒரு பெட்டி செய்யறேன்னு சொன்னேனே மாமா. அதுக்குப் பவர் சப்ளை."

"போன்லயே பாட்டு வருதே?"

வருகிறதுதான். போனில் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது, அந்த எண்களைக் காதுக்கான ஒலியாக மாற்றுவதற்கென்றே ஒரு தனிப் பெட்டி உண்டு, டிஏசி என்று பெயர், அதற்குச் சலனமில்லாத சுத்தமான மின்சாரம் வேண்டும் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே மாமா பேப்பரை விரித்துவிட்டார். அத்தை மட்டும் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, உன் டப்பா, உன் பாடு," என்றார். ஆக, அதற்குப் பெயர் டப்பா என்று ஆகிவிட்டது.

பிப்ரவரி 16, திங்கள்

கேட் கொக்கியில் கை வைத்தாலே "எங்கே?" என்று ஒரு குரல். மாமா முன்னறையில் எந்த மூலையில் இருந்தாலும் அந்தக் கொக்கிச் சத்தம் மட்டும் அவர் காதில் விழுந்துவிடும். மருந்துக்கடை என்றால் "சரி, சீக்கிரம்." காய்கறி என்றால் "நேத்துதானே வாங்கினே?" சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்றால் பதிலே கிடையாது. அத்தை பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

மாமா கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திக்கூடப் பேசமாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாமே என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

அத்தைக்கு நரம்புத் தளர்ச்சி. டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். கை சுருக்கென்று இழுக்கும், விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்பார். அதற்கு மாத்திரை. மாத்திரை போட்டால் தலைசுற்றல். அந்தத் தலைசுற்றலில் போன வருஷம் குளியலறையில் விழுந்தார். அதற்கப்புறம்தான் "அம்மாவைத் தனியா விடக்கூடாது" என்று குடும்பம் கூடி முடிவெடுத்தது. குடும்பம் என்றால் மாமா, நாத்தனார், கப்பலில் இருந்து போனில் இவர். முடிவெடுக்கும்போது நான் உள்ளே எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். டீயோடு வெளியே வந்தபோது என் வேலை போயிருந்தது.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மானிட்டரும் ஈசிஜி மெஷினும் பழுது பார்த்த கை இது. இப்போது குக்கர் கைப்பிடியில் ஸ்க்ரூ முடுக்குகிறது.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் அத்தை வாஷிங் மெஷினில் துணி போடும் நேரம்தான் எனக்குக் கிடைக்கிற நேரம். "அந்த ஒரு வேலையையாவது எனக்கு விடும்மா," என்று அத்தை யாரையும் கிட்டே விடுவதில்லை. பின்பக்க வராந்தாவில் மெஷின். அதை ஒட்டிய சாமான் அறையில் நான். ஓட்டைப் பெட்டிகள், உடைந்த நாற்காலி, பழைய ஃபேன், நடுவில் என் மேஜை. கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், அத்தை விழுந்தால் ஓடலாம் என்று. அதாவது நான் வேலையில் இருக்கிறேன்.

இன்று டயோடுகளும் பெரிய கெப்பாசிட்டர்களும் பற்றவைத்தேன். முதல் இரண்டு இணைப்பு கோணல். கை மறந்திருக்கிறது. மூன்றாவதிலிருந்து ஈயம் சொன்ன பேச்சு கேட்டது. உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"என்ன நாத்தம் அது, எதையோ கருக்கறியா?" என்று முன்னறையிலிருந்து மாமா.

பிப்ரவரி 24, செவ்வாய்

பழைய ஆபீஸ் மேனேஜர் மேடம் கூப்பிட்டார். சர்வீஸ் பிரிவில் ஒரு இடம் காலி. "உன்னைத்தான் முதல்ல நினைச்சேன். ஏப்ரல் பதினஞ்சு வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். அதுக்கு மேல என் கையில இல்லை."

மாமியாருக்கு உடம்பு சரியில்லை மேடம் என்றேன். எத்தனை தடவை சொன்னாலும் தேயாத வாக்கியம் இது. யாரும் மேற்கொண்டு கேட்கவும் முடியாது. வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை வாசலில் துணிக்கூடையோடு நிற்கிறார். எவ்வளவு கேட்டாரோ. கூடையோடு பின்பக்கம் போய்விட்டார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இங்கேயாவது எழுதிவைக்கிறேன். வேண்டும், வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

பாடியது!

பவர் சப்ளை, டிஏசி போர்டு எல்லாம் தகரப் பெட்டிக்குள் ஏற்றி, இவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஹெட்போன் மாட்டி — பாட்டு வந்தது. ஆனால் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை.

பரவாயில்லை. முதல் நாள்தானே.

மார்ச் 7, சனி

பரவாயில்லை என்று எழுதினேனா? பைத்தியம் பிடிக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன். தள்ளி வைத்தேன். கெப்பாசிட்டர் மாற்றினேன். கிரவுண்ட் ஒயர் எல்லாவற்றையும் பிரித்து ஒரே புள்ளியில் சேர்த்தேன். மீட்டரில் பார்த்தால் வோல்டேஜ் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. காதில் மட்டும் "ம்ம்ம்ம்".

இவர் போன் பண்ணினார். கப்பல் ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறதாம், உள்ளே விடவில்லையாம். "போர் அடிக்குது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரைச்சலைப் பற்றிச் சொன்னேன். "விடேன், நல்லதா ஒண்ணு ரெடிமேடா வாங்கிட்டு வரேன்," என்றார்.

எனக்கு ரெடிமேட் வேண்டாம். எங்கே தப்பு என்று தெரிய வேண்டும். ஒரு காலத்தில் எனக்கு அது தெரியும். அதுவும் போய்விட்டதா என்றுதான் பயம்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். இன்டர்நெட்டில் இதே மாதிரி டப்பா செய்கிறவர்கள் பாதிப் பேர் சொல்லும் வைத்தியம்: பெட்டிக்கு வரும் எர்த் ஒயரைத் துண்டித்துவிடு. துண்டித்தேன். இரைச்சல் போயே போய்விட்டது! அப்படியொரு அமைதி. அந்த அமைதிக்குள் வயலின்காரர் வில்லை எடுக்கும் முன் மூச்சு விடுவது கேட்டது. கண் கலங்கிவிட்டது.

அரை மணி கேட்டேன். அப்புறம் டப்பா பிளக்கைக் கழற்றிவைத்துவிட்டேன். எர்த் என்பது அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே எங்காவது மின்சாரம் கசிந்து தகரத்தில் ஏறினால் அதை மண்ணுக்கு இறக்குகிற ஒயர் அது. எர்த் ஒயரை வெட்டிய டெக்னீஷியனை நானே ஒரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நாறடித்திருக்கிறேன். இப்போது நானே அதைச் செய்துவிட்டு உட்கார்ந்து வயலின் கேட்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் விடாமல் குடைகிறது. எர்த் இரைச்சலைக் குடிக்க வேண்டியது. இங்கே மட்டும் எர்த் வழியாகவே இரைச்சல் எப்படி வருகிறது?

மார்ச் 11, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் சீக்கிரமே போய் எர்த்தைத் திரும்ப இணைத்தேன். ஹெட்போன் மாட்டினேன். இரைச்சல் இல்லை. எர்த் இருக்கிறது, இரைச்சல் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து மெஷினைப் போட்டார். உடனே "ம்ம்ம்ம்". கொஞ்ச நேரத்தில் வராந்தாவிலிருந்து, "ஸ்ஸ்... அம்மா!"

ஓடினேன். அத்தை கையை உதறிக்கொண்டு நிற்கிறார். ஈரத் தரை. வெறுங்கால். ஒரு கை மெஷின் மூடியில் இருந்திருக்கிறது, இன்னொரு கை இரும்புக் குழாயில்.

"ஒண்ணுமில்லை, எப்பவும் வர்ற சுருக்குதான்."

மெஷின் பிளக்கைப் பிடுங்கினேன். சாமான் அறைக்கு ஓடி ஹெட்போனைக் காதில் வைத்தேன். இரைச்சல் இல்லை. பிளக்கை மாட்டிவிட்டு மறுபடி ஓடினேன். இருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்து வந்து ஒரு முனையை மெஷின் தகரத்தில், ஒரு முனையைக் குழாயில். எண்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன், அங்கேயும். கிரைண்டரிலும். என் டப்பாவிலும்.

இந்த வீட்டில் எல்லா பிளக்கின் மூன்றாவது பின்னும் ஒன்றோடொன்று கைகோத்திருக்கிறது. மண்ணோடு மட்டும் தொடர்பே இல்லை. மெஷினில் கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் எல்லாத் தகரத்திலும் ஏறி நிற்கிறது. அத்தை ஈரக்காலோடு தொட்டால் அத்தை வழியாக இறங்குகிறது.

நரம்புத் தளர்ச்சியாம்!

எனக்கு ஏன் தெரியவில்லை? குதிகால் வலி என்று வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறேன். மாமாவுக்கு ஏன் தெரியவில்லை? அவர் வாஷிங் மெஷினைத் தொட்டால் அல்லவா.

கசிவு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால்... வேண்டாம். எழுதமாட்டேன். மெஷின் பிளக்கைக் கழற்றி ஒயரைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். இன்று துணி கையால்.

மார்ச் 12, வியாழன்

மாமா நம்பவில்லை.

"இந்த வீட்டை நின்னு கட்டினவன் நான். ஒவ்வொரு ஒயரும் என் கண்ணு முன்னாடி போட்டது. உன் டப்பாவுல ஏதாவது கோளாறு இருக்கும், அது வீட்டுக் கரண்டைக் கெடுக்குது."

டெஸ்டர் கொண்டுவந்து மெஷினை ஓடவிட்டு மூடியில் வைத்துக் காட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. "டெஸ்டர் மட்டம்," என்றார். சொல்லிவிட்டு, நான் கையைப் பிடிப்பதற்குள், செருப்பை உதறி ஈரத்தில் கால் வைத்து மூடியில் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

அவர் கத்தியது எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். பின்னால் துள்ளி, துணிக்கூடையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. நான் ஓடிப்போய் மெஷின் பிளக்கைப் பிடுங்கினேன். அத்தை மட்டும் அசையவில்லை. சுவரில் சாய்ந்து நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது தினமும்," என்றார்.

மார்ச் 14, சனி

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். இரண்டு வருஷம் முன்னால் கார் நிறுத்தும் இடத்துக்கு மாமா டைல்ஸ் போட்டாரே, அங்கேதான் எர்த் குழி இருந்திருக்கிறது. டைல்ஸ் போட்டவர்கள் இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒயரைக் கத்தரித்து, மடக்கி, மேலே சிமென்ட் பூசிவிட்டார்கள். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்த வேலை. நான்கு டைல்ஸ் உடைந்தது. மாமா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அத்தை அழுதார். நான் சமாதானம் சொல்லப் போனேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"முதல்லயே சொன்னேன், மெஷின் கடிக்குதுன்னு. உங்க மாமா என்ன சொன்னார்? மெஷின் கடிக்காது, உனக்கு நரம்பு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். நீயும்தான் பக்கத்துல நின்னே. நீ படிச்ச படிப்பே அதுதானே, ஏம்மா உனக்குத் தோணலை?"

ஆமாம். ஏன் தோன்றவில்லை? டப்பா முனகியதும் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டுத் தேடினேன். அத்தை முனகியதற்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

எர்த் வந்துவிட்டது. டப்பாவில் இரைச்சல் இல்லை. மெஷினில் பூஜ்யம். அத்தை மூடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு கையை அப்படியே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

மார்ச் 27, வெள்ளி

டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து இன்றோடு நிறுத்திவிட்டார். அத்தைக்குச் சுருக்கும் இல்லை, தலைசுற்றலும் இல்லை. மாடிப்படி ஏறி இறங்குகிறார். பேப்பரை மாமாவிடமிருந்து பிடுங்கிப் படிக்கிறார்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. எழுதினால் கண் பட்டுவிடுமோ என்று எழுதவில்லை.

ஏப்ரல் 4, சனி

கேட்டேன். இவரிடம் போனில், மாமாவிடம் நேரில். அத்தைக்குச் சரியாகிவிட்டது, பதினைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும்.

இவர்: "நல்ல விஷயம்தான். ஆனா எதுக்கு அவசரம்? இப்பதானே மாத்திரை நிறுத்தியிருக்கு. நான் வந்தப்புறம் பேசிக்கலாமே." எப்போது வருவார்? கப்பலுக்கே தெரியாது.

மாமா: "இன்னிக்கு நல்லா இருக்கா. நாளைக்கு? திரும்ப விழுந்துட்டா?"

"நான் ஏங்க விழப்போறேன்?" என்று அத்தை. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆக, அத்தைக்கு உடம்பு சரியில்லாதபோது உடம்பு சரியில்லை என்பதற்காக வீட்டில் இரு. சரியானபிறகு, சரியில்லாமல் போய்விடலாம் என்பதற்காக வீட்டில் இரு. கதவு எந்தப் பக்கம்தான் இருக்கிறது?

ஏப்ரல் 6, திங்கள்

இதை எப்படி எழுதுவது. காலையில் அத்தை பெட்டி எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ஒரு மாசம் இருந்துட்டு வரேன். எவ்வளவு நாளாச்சு."

மாமா, "அப்ப இங்கே?" என்றார்.

"இங்கே என்ன? வீடு இருக்கு, அடுப்பு இருக்கு."

மாமா என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தார், ஒரு மாதிரி, பதில் எதிர்பார்க்கிற மாதிரி. நான் என்ன சொல்ல? "நான் பாத்துக்கறேன் அத்தை" என்றுதான் வாயில் வந்தது. பழக்கம். அத்தை பெட்டியைப் படாரென்று மூடினார்.

ஆட்டோ ஏறிப் போய்விட்டார். மாமா "எங்கே" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

எரிச்சல். எரிச்சல் மட்டும்தான்.

கண்டுபிடித்தது நான். கசிவை, காரணத்தை, உடைக்க வேண்டிய டைல்ஸை. விடுதலை அத்தைக்கு. அவர் விட்டுப்போன இடத்தில் நான். வேளைக்குச் சாப்பாடு, காபி, "அந்த மூக்குக் கண்ணாடி எங்கேம்மா?" தலை மேலேயே இருக்கிறது மாமா.

டப்பா ஊசி விழுந்தால் கேட்கிற அளவுக்குச் சுத்தமாகப் பாடுகிறது. போடவே தோன்றவில்லை. மேனேஜர் மேடத்துக்கு "மன்னிக்கவும்" என்று டைப் பண்ணி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. நாளை அனுப்பிவிடுவேன்.

போகிறபோது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எனக்காகப் பேசிவிட்டுப் போயிருக்கலாம் அத்தை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அத்தை போன். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், "பதினஞ்சுக்கு மூணு நாள்தான் இருக்கு. அந்த மேடத்துகிட்ட பேசிட்டியா?"

"இல்லை அத்தை. எப்படி முடியும்? மாமாவை யார் பாத்துக்கறது?"

"அவருக்கு என்ன, நரம்புத் தளர்ச்சியா?"

அடுப்பை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏம்மா, சுவத்துக்குள்ள ஓடற கரண்டையெல்லாம் கண்டுபிடிக்கறே. நான் எதுக்குக் கிளம்பி வந்தேன்னு தெரியலையா உனக்கு? நான் அங்க இருந்தா, தலைகீழா நின்னு காட்டினாலும் எனக்கு நல்லாயிடுச்சுன்னு நம்பமாட்டாங்க. பாத்துக்க ஆள் வேணும் ஆள் வேணும்னு உன்னைக் கட்டிப்போடுவாங்க. அதான் ஆளே இல்லைன்னு ஆக்கிட்டு வந்தேன். நீ என்னடான்னா 'நான் பாத்துக்கறேன் அத்தை'ன்னு சொல்லிட்டு அடுப்புகிட்ட போய் நிக்கறே. எனக்கு வந்த கோவத்துக்குப் பெட்டியோட பூட்டே உடைஞ்சுது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை..."

"எங்கே சொல்ல? அந்த வீட்ல எது பேசினாலும் முன்னறைக்குக் கேக்கும். என் தங்கச்சி வீட்ல ஒரே கொசு. குளிக்க வெந்நீர் கிடையாது. உனக்காகத்தான் பல்லைக் கடிச்சுட்டு இருக்கேன். நீ சேர்ந்துட்டேன்னு போன் வந்தாத்தான் திரும்புவேன்."

போனை வைத்தபிறகு அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் சிரிப்பும் வந்தது. "மன்னிக்கவும்" என்றிருந்ததை அழித்துவிட்டு, "வருகிறேன் மேடம்" என்று அனுப்பினேன்.

ஏப்ரல் 13, திங்கள்

மாமாவிடம் சொல்லிவிட்டேன். அனுமதி கேட்கவில்லை. சொன்னேன்.

ஏப்ரல் 15, புதன்

ஆபீஸ் போக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். மாமா போன் பண்ணினார். பின்னால் ஏதோ கொதிக்கிற சத்தம். அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேட்டார். ஒன்றுக்கு இரண்டரை என்றேன். "இரு, எழுதிக்கறேன்," என்றார். அவர் எழுதி முடிக்கிறவரை காத்திருந்து, இன்னொரு தடவை சொல்லிவிட்டு, பஸ் ஏறினேன்.